பின்சீட்டுக்காரர் எதற்கு ஊத வேண்டும்?

"தப்பு பண்ணாதவன் ஊதிட்டுப் போக வேண்டியதுதானே?" சனிக்கிழமை ராத்திரி வாகனச் சோதனை பற்றிப் பேச்சு வந்தால், திருப்பூரில் பேக்கரி பெஞ்சிலிருந்து பனியன் கம்பெனி ஆபீஸ் வரை கேட்கிற கேள்வி இது. வண்டியை மறித்துவிட்டால் ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்தவர், வேனுக்குள் தூங்கி வழிகிறவர் என எல்லோரும் கருவியில் ஊதியே தீர வேண்டும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை. சாலையைக் காப்பதற்குப் பதில், ஒழுங்காக நடந்துகொண்டவரையே அது குற்றவாளி ஆக்குகிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 203-ஆவது பிரிவைப் படித்தால் போதும். சீருடையில் உள்ள காவலரோ, அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அலுவலரோ, பொது இடத்தில் வண்டி ஓட்டுகிறவரையோ ஓட்ட முயல்கிறவரையோதான் ஊதச் சொல்லலாம். அதற்கும் அவர் குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் வேண்டும். விபத்து நடந்திருந்தாலும் அப்போது ஓட்டியவர் யார் என்பதே கேள்வி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் கூடாது என்கிற 185-ஆவது பிரிவும் ஓட்டுநருக்கே எழுதப்பட்டது. முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் ஊத மறுத்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். தகுந்த காரணமின்றி மறுத்ததை நீதிமன்றம் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவுகளில் பயணிக்கு அளவும் இல்லை, ஊதும் கடமையும் இல்லை.

பீகாரிலிருந்து தைக்க வந்த தொழிலாளிக்கு இந்தக் குழப்பம் வந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. 2016 ஏப்ரலிலிருந்து அங்கே முழு மதுவிலக்கு. குடிப்பதே குற்றமான ஊரில் ஜன்னலோரம் உட்கார்ந்தவரையும் சோதிப்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. இங்கோ 2003-லிருந்து டாஸ்மாக் கடைகளில் அரசே சில்லறைக்கு விற்கிறது. ஒரு துறை கவுண்டரில் விற்றதை இன்னொரு துறை பின்சீட்டில் தேடுவது என்ன நியாயம்? பொது இடத்தில் போதையில் ரகளை செய்பவர்மேல் நடவடிக்கை எடுக்க 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உட்பட வேறு வழிகள் உண்டு. 203 அதற்கான பிரிவு அல்ல. வாடை வீசுவதாலேயே ஒருவர் போதையில் இருக்கிறார் என்று ஆகிவிடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் பின்சீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது என்று யாரும் துள்ள வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டத் தூண்டியவருக்கும் துணைபோனவருக்கும் ஓட்டியவருக்கு உரிய அதே தண்டனை என்கிறது 188-ஆவது பிரிவு. இதைக் காட்டித்தான் கூட வருபவர்களுக்கும் அபராதம் என்று 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. சென்னையில் 2013-இல் நடந்த கார் விபத்தில் சாலையோரம் இருந்த மூன்று பேர் இறந்தார்கள். அந்த வழக்கிலிருந்து தன்னை விடுவிக்கக் கேட்ட சக பயணியின் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் 188 பயணியிடம் கேட்பது "நீ குடித்தாயா?" என்றல்ல, "குடித்தவன் ஓட்டத் துணைபோனாயா?" என்று. அதற்கான விடை அவர் மூச்சில் இல்லை. சொட்டுகூடத் தொடாதவர், தள்ளாடும் நண்பனிடம் தன் பைக் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினால் கருவி பூஜ்யம் காட்டும். குற்றம் அவர் தலையில் நிற்கும். நாலு பெக் போட்டவர், குடிக்காத சக டைலரைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தால் கருவி கத்தும். ஓட்டுவதில் குற்றமே நடக்கவில்லை. சட்டம் எதை விரும்புகிறதோ அதைத்தான் அவர் செய்திருக்கிறார். அவரை இறக்கி ஊதவைத்து மிரட்டினால், எப்படியும் மாட்டத்தான் போகிறோம், அடுத்த வாரம் நாமே ஓட்டலாம் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஜப்பானில் 2007-இல் சட்டத்தைக் கடுமையாக்கியபோது, ஓட்டுநர் குடித்திருப்பது தெரிந்தும் ஏற்றிப்போகக் கேட்டவருக்குத் தண்டனை வைத்தார்கள். அங்கேயும் எடைபோடப்படுவது பயணிக்கு என்ன தெரியும், என்ன கேட்டார் என்பதே. இந்த அளவுகோலைத் திருப்பூரில் வைத்துப் பாருங்கள். ஓட்டுநர் குடித்திருப்பது தெரிந்தும் "நைட் ஷிப்ட் ஆளுங்களை இறக்கிவிட்டுட்டு வா" என்று வேனை அனுப்பும் சூப்பர்வைசர்தான் 188-க்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவரை யாரும் ஊதச் சொல்வதில்லை. எதுவும் தெரியாமல் வேனில் ஏறிய செக்கிங் பெண்ணிடம் கருவியை நீட்டுவதால் யார் உயிரும் பிழைக்காது.

போலீஸைக் கண்டதும் சீட் மாறிக்கொண்டால் என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்வி. இவர்தான் ஓட்டினார் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் காவலர் அவரை ஓட்டுநராகவே கருதி ஊதச் சொல்லட்டும். ஓட்டுநர் மாட்டிய பிறகு "நான் ஓட்டிப் போகிறேன்" என்று முன்வரும் நண்பரும் ஊதிக் காட்டட்டும். அவர் ஓட்டப் போகிறவர். குடிக்காத, லைசென்ஸ் உள்ள துணை இருந்தால் வண்டியை அவரிடம் விட வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. இரண்டிலும் சோதனைக்குக் காரணம் ஓட்டுவதுதான்.

குடிகாரனுக்கு வக்காலத்தா என்று கேட்பவர்கள் சாமளாபுரத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2017 ஏப்ரலில் அங்கே மதுக்கடை வேண்டாம் என்று போராடிய பெண்ணைத்தான் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்தார். காவலரின் கைக்கு எல்லை வேண்டும் என்பது மதுவை வெறுப்பவருக்கும் தேவையான நியாயம்.

ஆகவே பயணிகளே, தடுக்காதீர்கள், திமிறாதீர்கள். "சார், ஓட்டினது நான் இல்லை, எந்தப் பிரிவில் ஊதச் சொல்றீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். விருப்பப்பட்டு ஊதுவது உங்கள் இஷ்டம். ஆனால் தமிழ் தெரியாத தொழிலாளி பயந்துபோய் ஊதுவதைச் சம்மதம் என்று சொல்லக் கூடாது. கருவி ஸ்டியரிங்கையும் ஹேண்டில்பாரையும் பிடித்தவரை நோக்கி நீளட்டும். பின்சீட்டில் இருப்பவரிடம் கேட்க வேண்டியது வேறு கேள்வி. அதற்கு விசாரணைதான் வழி.