சுரங்கள் பொது, மெட்டு யாருடையது?

நுழையும்முன்

புதிய பாடலொன்றைக் கேட்ட சில நொடிகளிலேயே, 'இது அந்தப் பழைய பாடலைப் போல் இருக்கிறதே!' என்று செவி சொல்லிவிடுகிறது. செவி உணரும் ஒற்றுமை உண்மையாக இருக்கலாம். ஆனால், ஒத்திருப்பவை எல்லாம் களவு ஆகுமா? இசையின் இயல்பையும் நீதிமன்றங்கள் கண்ட முடிவுகளையும் அருகருகே வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

பொதுச்செல்வம்

மொழிக்கு எழுத்துகள் எவ்வாறோ, இசைக்குச் சுரங்கள் அவ்வாறே. 'அகரம் எனக்கே உரியது' என்று எந்தப் புலவரும் கூற இயலாது. அதுபோலவே, காந்தாரமோ பஞ்சமமோ தனி ஒருவரின் உடைமை ஆகாது. ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களால் இயல்வது மோகன இராகம். தமிழிசை ஆய்வாளர்கள் இதனைப் பழந்தமிழரின் முல்லைப்பண்ணோடு பொருத்திக் காட்டுவர். இவ்வைந்து சுரங்களில் அமைந்த கீர்த்தனைகளும் திரைப்பாடல்களும் பல. சீனத்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கும் நாட்டுப்புறப் பாடல்கள் பலவும் இதே சுர அமைப்பில் ஒலிப்பவை. ஆகவே, ஒரே இராகத்தில் பிறந்த இரு பாடல்களிடையே சாயல் தோன்றுவது இயல்பு. அச்சாயலை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்குவது அறமன்று.

அவ்வாறாயின், களவு என்பது எங்கே தொடங்குகிறது? ஐந்தே சுரங்களைச் சுற்றி எழுந்த ஒரு வழக்கு இதற்கு விடை தருகிறது.

இரு பாடல்கள், ஒரு மெட்டு

1963இல் அமெரிக்காவில் 'ஹீஸ் சோ ஃபைன்' என்னும் காதற்பாடல் பெரும்புகழ் பெற்றது. 'தி சிஃபான்ஸ்' என்னும் மகளிர் குழு பாடிய அப்பாடலை இயற்றியவர் ரானி மேக் என்னும் இளைஞர். தம் பாடல் வெற்றிபெற்ற அதே ஆண்டில் அவர் நோயால் மறைந்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 1970இல், 'பீட்டில்ஸ்' குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசன் 'மை ஸ்வீட் லார்ட்' என்னும் பாடலை வெளியிட்டார். கண்ணனைப் போற்றும் சொற்களும் கலந்த பக்திப்பாடல் அது. முன்னதன் பொருள் காதல். பின்னதன் பொருள் இறையன்பு. எனினும், இரண்டின் மெட்டும் ஒன்றே என்று கூறி, பழைய பாடலின் உரிமையைப் பெற்றிருந்த நிறுவனம் வழக்குத் தொடுத்தது.

1976இல் நியூயார்க் நகரின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. நீதிபதி ரிச்சர்டு ஓவன் மெட்டினைப் பகுத்து ஆராய்ந்தார். 'ப க ரி' என ஒலிக்கும் ஒரு சிறுதொடர். 'ப த ச த ச' என ஒலிக்கும் மற்றொரு சிறுதொடர். தனித்தனியே நோக்கினால் இவ்விரண்டிலும் புதுமை இல்லை. ஆனால், பழைய பாடலில் முதல் தொடர் நான்கு முறையும், அதையடுத்து இரண்டாம் தொடர் நான்கு முறையும் வந்தன. இரண்டாம் தொடரின் நடுவே ஓரிடத்தில் சிறு துணைச்சுரம் ஒன்றும் இழைந்து வந்தது. ஹாரிசனின் பாடலிலும் முதல் தொடர் நான்கு முறை வந்தது. இரண்டாம் தொடர் மூன்று முறை வந்தது. அந்தத் துணைச்சுரமும் அதே இடத்தில் ஒலித்தது. சுரங்கள் பொதுவானவை, அவற்றைக் கோத்த முறையோ தனித்தன்மை உடையது. அந்தக் கோவையே இங்கு இடம் மாறியிருந்தது.

ஹாரிசன் வேண்டுமென்றே எடுத்தார் என்று நீதிபதி கூறவில்லை. என்றோ கேட்ட மெட்டு ஆழ்மனத்தில் தங்கி, தம் சொந்தப் படைப்பைப் போலவே வெளிப்பட்டது என்றே முடிவு செய்தார். எனினும், அறியாமல் எடுத்தாலும் அது உரிமை மீறலே என்றார். இம்முடிவு கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், இதில் நியாயம் உண்டு. எடுத்தவரின் உள்ளம் தூயது என்பதால் இயற்றியவரின் உழைப்பு இல்லாமற் போய்விடாது. உலகப்புகழ் பெற்ற கலைஞர் ஒருபுறம். தம் பாடலுக்காகப் பேச உயிரோடு இல்லாத இளைஞர் மறுபுறம். சட்டம் புகழின் பக்கம் சாயவில்லை.

எல்லை கடக்கும் உரிமை

உரிமைக்கும் ஓர் எல்லை வேண்டும். 2013இல் வெளிவந்த 'பிளர்டு லைன்ஸ்' என்னும் பாடல், மார்வின் கே 1977இல் வெளியிட்ட பாடலொன்றை ஒத்துள்ளது என்று 2015இல் அமெரிக்க நடுவர் குழு முடிவு செய்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பான்மையாக அதனை உறுதி செய்தது. இடையில், இருநூறுக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் அம்முடிவுக்கு எதிராக நீதிமன்றத்தில் தம் கருத்தைத் தெரிவித்தனர். மெட்டை எடுப்பது வேறு. ஒரு காலத்தின் தாள நடையையும் ஒலிச்சூழலையும் பின்பற்றுவது வேறு. பின்னதும் தனியுடைமை என்றால், முன்னோரைக் கேட்டுக் கற்ற எவரும் பாடல் இயற்ற அஞ்சுவர் என்பதே அவர்தம் கவலை. அக்கவலை புறந்தள்ளத்தக்கதன்று. முன்னோர் வகுத்த யாப்பைப் பின்பற்றிப் பாடிய புலவரை எவரும் கள்வர் என்பதில்லை.

2023இல் எட் ஷீரன் என்னும் பாடகர் மீதான வழக்கில் இவ்வெல்லை தெளிவாக வரையப்பட்டது. 2014இல் வெளிவந்த அவர் பாடலிலும் மார்வின் கே 1973இல் பாடிய பாடலிலும் 'கார்டு' எனப்படும் சுரக்கூட்டுகளின் வரிசை ஒத்திருந்தது. ஷீரன் சாட்சிக் கூண்டில் அமர்ந்தே கித்தாரை மீட்டினார். அதே வரிசையின் மீது வெவ்வேறு பாடல்களைப் பாட இயலும் என்று காட்டினார். அவர் தம் பாடலைத் தாமாகவே படைத்தார் என நடுவர் குழு ஏற்றது.

நம் சட்டம் கூறுவது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இசைப்படைப்பையும் பாடல் வரிகளையும் தனித்தனிப் படைப்புகளாகவே கருதுகிறது. படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். அதன்பின் படைப்பு மக்களின் பொதுச்செல்வம் ஆகிவிடும். படைத்தவர் தம் உரிமையை விற்றுவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று கூறும் உரிமையை அச்சட்டம் அவரிடமிருந்து பறிப்பதில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதனை வெளிப்படுத்திய வடிவத்திற்கே உண்டு என்பதை 1978இல் உச்ச நீதிமன்றம் ஒரு நாடகம் தொடர்பான வழக்கில் விளக்கியுள்ளது. இத்தனை சுரங்கள் வரை, இத்தனை நொடிகள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகின்றனர். அப்படியொரு கணக்கு அச்சட்டத்தில் இல்லை. எடுத்தது எவ்வளவு என்பதோடு, எடுத்த பகுதி அப்படைப்பில் எத்துணை இன்றியமையாதது என்பதும் கருதப்படும்.

செவியும் அறிவும்

ஒற்றுமையைக் கண்டவுடன் 'திருட்டு' என முழங்குவது எளிது. ஆனால், அச்சொல் ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்பின் மீது விழும் கறை. அதனைச் சொல்லுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. ஒத்திருப்பது பொதுவான சுரமா, தனித்துக் கோத்த மெட்டா? பின்னவர் முன்னதைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டா? எடுத்திருப்பின், முன்னவருக்குரிய பெயரும் பொருளும் அவரைச் சென்றடைந்தனவா?

மூன்றாம் வினாவே அறத்தின் உரைகல். இசைவு பெற்று, பெயர் சுட்டி எடுத்தாள்வதற்குச் சட்டம் தடையாக நிற்பதில்லை. பெயர் அறியா மக்கள் வயலிலும் தொட்டிலருகிலும் பாடிய மெட்டுகளுக்கு வழக்குத் தொடுக்க ஆளில்லை. அவற்றை எடுத்தாள்வோரும் அவை பிறந்த மண்ணைச் சுட்டுவதே பண்பு. சுரங்களைப் பொதுவில் வைப்போம்; மெட்டுக்கு உரியவரின் பெயரை மறைக்காதிருப்போம். முன்னவரின் உழைப்பும் பின்னவரின் துணிவும் ஒருசேரக் காக்கப்படும் இடத்திலேதான் புதிய பாடல்கள் பிறக்கும்.