எக்ஸ்டென்ஷனுக்குப் பூட்டு போட்ட ஃபயர்ஃபாக்ஸ்: சரியா, தவறா?

2017 நவம்பர் 14 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 57 வெளியானது. பிரவுசர் வேகமாகிவிட்டது என்று பாராட்டு ஒரு பக்கம். 'பல வருஷமா பயன்படுத்துன எக்ஸ்டென்ஷன் எங்கே போச்சு?' என்ற கோபம் இன்னொரு பக்கம்.

என்ன நடந்தது?

அதுவரை எக்ஸ்டென்ஷன்கள் ஃபயர்ஃபாக்ஸின் உள் கோடு வரை கைவைக்க முடிந்தது. மெனுவை மாற்றலாம், டவுன்லோடு நடக்கும் விதத்தையே மாற்றலாம். வாடகைக்கு வந்தவர் வீட்டுச் சுவரை இடித்துக் கட்டுற மாதிரி!

விளைவு? மொஸில்லா உள்ளே எதையாவது மாற்றினால், எங்கோ ஒரு எக்ஸ்டென்ஷன் படுத்துவிடும். டேப்களைத் தனித்தனி பிராசஸாகப் பிரிக்கும் வேலைக்கும் இது முட்டுக்கட்டை. மோசமான எக்ஸ்டென்ஷன் ஒன்று நுழைந்தால், கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்கள் வரை அதன் கைக்கு எட்டும்.

அதனால், 'உள்ளே வராதே, ஏபிஐ என்ற ஜன்னல் வழியாகக் கேள்' என்றது மொஸில்லா. 2015 ஆகஸ்ட்டிலேயே அறிவித்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவகாசமும் தந்தது.

எல்லோரும் தப்பித்தார்களா?

இல்லை. நோஸ்கிரிப்ட் சில நாள்களிலேயே புது வடிவில் வந்தது. டவுன்தெம்ஆல் திரும்பி வர 2019 ஆனது, அதுவும் சில வசதிகளை இழந்து. சம்பளமே இல்லாமல் எழுதியவர்களின் பல ஆண்டு உழைப்பு வீணானது. இந்த வலியைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் பூட்டு தேவைதான். கேள்வி, சாவி யார் கையில் என்பதே. விளம்பரத்தில் பெரும் வருமானம் பார்க்கும் கூகுள், குரோமில் 'மேனிஃபெஸ்ட் வி3' விதிகளைக் கொண்டுவந்தது. காரணம், அதே பாதுகாப்பு. ஆனால், விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் அதில் இயங்க முடியாமல் போனது. ஃபயர்ஃபாக்ஸோ அந்த ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறது.

ஆக, 'பாதுகாப்புக்காக' என்று எந்த ஆப் சொன்னாலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: போதிய அவகாசம் தந்தார்களா? மாற்று வழி உண்டா? மூடிய கதவால் லாபம் யாருக்கு? மூன்றாவது கேள்விக்குப் பதில் 'பயனருக்கு' என்றில்லாவிட்டால், அது பாதுகாப்புப் பூட்டு அல்ல, வியாபாரப் பூட்டு.