மலிவு ஏர்பிரஷ்: நமது பொறுப்பு

கொலு பொம்மைக்குப் புது வர்ணம் அடிக்கவும், பொழுதுபோக்காக ஓவியம் பழகவும் குறைந்த விலை ஏர்பிரஷ் கேட்டு வருவோர் பெருகி வருகின்றனர். வியாபாரத்திற்கு நல்லதுதான். ஆனால் மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் பெட்டியை மட்டும் விற்றுக் கைகழுவினால் கெடுவது நம் பெயர்.

சென்ற ஆண்டு நீர்வடிகட்டி இல்லாமல் நாம் அனுப்பிய செட்டுகள் பல திரும்பி வந்தன. சரக்கில் குறையில்லை. ஈரக் காற்றைக் கம்ப்ரசர் அழுத்தும்போது தண்ணீர் பிரிந்து, குழாய் வழியே வந்து பொம்மை மேல் தெறிக்கிறது. வடிகட்டி பொருத்தி, தொட்டியில் தேங்கும் நீரை அன்றன்றே திறந்துவிட வேண்டும்.

வாங்குபவரிடம் சொல்ல வேண்டியவை: பழகுவதற்கு 0.3 மி.மீ. ஊசி போதும். அக்ரிலிக் வர்ணத்தைப் பால் பதத்திற்குக் கரைக்கவும். அழுத்தம் 15 முதல் 20 பவுண்டு. விசையை அமுக்கினால் காற்று, பின்னிழுத்தால் வர்ணம். முதலில் பழைய செய்தித்தாளில் பழகட்டும். முகமூடி அவசியம். வேலை முடிந்ததும் கழுவித் துடைக்காவிட்டால் வர்ணம் காய்ந்து அடைத்துக்கொள்ளும். உப்புக் காற்றில் துருவும் ஏறும்.

மொத்த வியாபாரிகளாகிய நாம் செட்டோடு வடிகட்டியையும் சேர்த்தே அனுப்புவோம். ஊசி, நாசில், வாஷர் இருப்பு வைப்போம். ஒரு வாஷர் கிடைக்காமல் முழு செட்டும் மூலைக்குப் போனால், அந்த வாடிக்கையாளர் மறுபடி நம் கடைப்படி ஏறமாட்டார்.