உவர் நெல் வயலுக்கு வருவது எப்போது?

கூடுவாஞ்சேரிக்குத் தென்கிழக்கே, மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய நிலங்களில் உவர்நீரால் நெல் மகசூல் குறைகிறது. இதற்கு வழிகாட்டக்கூடியது ஆக்ரோபாக்டீரியம். காயத்தின் வழியே தன் மரபணுவைச் செடிக்குள் புகுத்திக் கழலை உண்டாக்கும் மண் பாக்டீரியா இது. கழலை மரபணுக்களை நீக்கி, வேண்டிய மரபணுவைச் சேர்த்து, ஊட்டக் கரைசலில் சுமார் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வளர்க்கிறார்கள். சென்னை தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்தி மரத்தின் உவர் தாங்கும் மரபணுவை இம்முறையில் நெல்லில் சேர்த்தது. ஆயினும் மரபணு மாற்ற நெல் எதுவும் இந்தியாவில் சாகுபடிக்கு வரவில்லை. அஞ்சி ஒதுக்குவதும் அவசரப்படுவதும் சரியல்ல. தக்க பாதுகாப்புடன் கடலோர வயல்களிலேயே சோதித்து, முடிவுகளைத் தமிழில் விவசாயிகள் முன் வைக்க வேண்டும். அதுவரை உவரை ஓரளவு தாங்கும் கோ 43 ரகமும் தக்கைப்பூண்டு உரமும் கைகொடுக்கும்.