நாடக மாணவனின் ஒரு நாள்

தமிழை முத்தமிழ் என்று மேடைதோறும் போற்றுகின்றோம். ஆயின், அம்மூன்றனுள் ஒன்றாகிய நாடகத்தைப் பயிலும் மாணவனை எவ்வாறு மதிக்கின்றோம்? "வேறு பாடம் ஓடாதவன் எடுக்கும் பாடம்" என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். மாணவராயிருந்த காலத்தில் நாமும் அவ்வாறு கூறி நகைத்தவர்களே. அக்குற்றத்தை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவன் ஒருவனது நாளைச் சற்றே நோக்குவோம். விடியுமுன் எழுந்து, கிணற்றடியில் நின்று குரலைப் பயிற்றுகின்றான். காலைப் பிரார்த்தனையில் தேவாரம் ஓதி வகுப்புக்குச் செல்கின்றான். ஆங்கே கிரேக்கரது அரங்கையும் நமது வட்டக்களரியையும் ஒப்பிட்டுக் கற்கின்றான்; வடமோடி, தென்மோடி வேறுபாடுகளைக் குறித்துக்கொள்கின்றான். இத்துணையும் ஏட்டுக்கல்வி. அவனுடைய மெய்யான வகுப்பு, பாடசாலை விட்டபின்னரே தொடங்குகின்றது.

அண்மையில் அத்தகைய கூத்து ஒத்திகை ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். வாங்குகளை ஒதுக்கித் தரையைக் கூட்டியவர்களும் மாணவர்களே. அண்ணாவியார் மத்தளத்துடன் காத்திருந்தார். ஆடவேண்டியவர் பன்னிருவர், வந்திருந்தவர் எண்மர். மற்றை நால்வரும் சைக்கிளேறித் தனியார் கல்வி நிலையங்களுக்குப் போய்விட்டனர். அரசன் வரவை அறிவிக்கும் கட்டியகாரனாக ஆடிய சிறுவன், வாராத நால்வர் பாட்டையும் தானே பாடி ஒத்திகையை நடத்தினான். ஏனையோர் பகுதிகளை அவன் எப்பொழுது மனனஞ் செய்தான் என்று வினவினோம். "என் முறை வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன், ஐயா" என்றான்.

பிறர் பேசும்போது செவிகொடுத்தல், தன் முறைக்குக் காத்திருத்தல், ஒருவன் தவறினால் மற்றொருவன் தாங்குதல்: இவற்றை எந்தக் குறிப்புப் புத்தகம் கற்பிக்கும்? "நாடகம் படித்து என்ன உத்தியோகம்?" என்னும் பெற்றோரின் கவலை நியாயமானதே. நால்வர் மீதும் நாம் குறை கூறோம். ஆயினும், வைத்தியனுக்கும் நியாயவாதிக்கும் ஆசிரியனுக்கும் இக்குணங்கள் வேண்டாவோ?

கற்றோர் மதிக்காத கலை இவ்வாறு உயர்ந்ததற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' ஆகிய கூத்துக்களைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டே மேடையேற்றினார். பட்டிக்காட்டார் ஆட்டம் என இகழப்பட்டது பட்டதாரிகளின் பெருமையாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவியபின், பயிற்சியின்றி நாடகமில்லை என்பது மேலும் தெளிவாயிற்று.

இன்று நாடகம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. ஆனால் பிற்பகலை இழந்துவிட்டது. வினாவுக்கு விடை எழுதத் தெரிந்து, களரியில் ஓரடி எடுத்து வைக்கத் தெரியாத நாடக மாணவர் பெருகுவரேல், அப்பாடம் இருந்தும் இல்லாததே.

ஆதலின், விழாக் கொண்டாடும் இவ்வேளையில் பழைய மாணவராகிய நம்மவர்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். வாரத்தில் இரு பிற்பகல்களைப் போட்டி வகுப்புக்களினின்றும் விடுவித்து ஒத்திகைக்கு அளிக்குமாறு பெற்றோரையும் ஆசிரியரையும் இணங்கச் செய்வோம். வாங்கு நகர்த்தாமல் ஆடுதற்கேற்ற ஒரு மண்டபம் அமைப்போம். அண்ணாவியாரை ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாது, மாதந்தோறும் வேதனம் அளித்து ஆசிரியராக அமர்த்துவோம்.

பரிசளிப்பு விழாவில் அரைமணி நேரம் கைதட்டுவது எளிது. அந்த அரைமணிக்காக ஒரு மாணவன் எத்தனை பிற்பகல்களைக் கொடுத்தான் என்று எண்ணிப் பார்ப்பதே கல்லூரி அன்னைக்கு நாம் செய்யும் கைம்மாறாகும். அடுத்த ஒத்திகைக்குப் பன்னிருவரும் வருவாராக!