மனுவை எந்த வடிவில் அனுப்புவது?

வேலைக்கு மனுப் போடும் நம்மவர்கள் பலர் வேர்டு கோப்பை அப்படியே அனுப்பி விடுகிறார்கள். இது சரியல்ல. எழுதவும் திருத்தவும் வேர்டு நல்லதுதான். ஆனால் பெறுகிறவரின் கணிப்பொறியில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் பக்கம் கலைந்துவிடும். பழைய தமிழ் எழுத்துரு என்றால் கேட்கவே வேண்டாம். ஊரிலிருந்து வந்த பாகப்பிரிவினை நகல் ஒன்றை நண்பர் ஒருவர் மும்பையில் என்னிடம் காட்டினார். அத்தனையும் ஆங்கிலக் கிறுக்கல்! எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?

1993-ல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப். எழுத்துருவையும் தன்னோடு சுமந்து செல்ல வல்லது. 2008-ல் சர்வதேசத் தர நிர்ணயமும் பெற்றது. மனு, ஒப்பந்தம், சான்று எல்லாவற்றையும் எழுதிய இடத்திலேயே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பட்டும். வேர்டு மூலத்தை மட்டும் அழித்துவிட வேண்டாம். வீடு மாறினால் விலாசம் திருத்த அதுதான் வேண்டும்.