எடைக்கு விலை, உழைப்புக்கு?

வெள்ளி நகை வாங்கச் செல்லும் நாம் முதலில் கேட்பது எடை. அடுத்துக் கேட்பது அன்றைய விலை. இரண்டையும் பெருக்கிப் பார்த்து, அதற்கு மேல் சொல்லப்படும் தொகையைக் குறைக்குமாறு பேரம் பேசுகிறோம். வார்ப்பு நகைக்கு இக்கணக்கு ஓரளவு பொருந்தலாம். கம்பியைப் பின்னிச் செய்யும் நகைக்கு அது பொருந்தாது என்பதே நம் கருத்து.

ஒடிசா மாநிலம் கட்டக் நகரின் தாரகாசி வேலையை எண்ணிப் பார்ப்போம். வெள்ளியை உருக்கி, துளையிட்ட அச்சின் வழியே பலமுறை இழுத்து மெல்லிய கம்பியாக்குகின்றனர். இரு கம்பிகளை ஒன்றாக முறுக்கி, தட்டையாக்கி, இடுக்கியால் சுருளாகவும் இதழாகவும் வளைத்து, தடித்த கம்பியாலான சட்டத்துக்குள் பொருத்துகின்றனர். பின்னர் வெண்காரமும் பொடியும் இட்டுப் பற்றவைக்கின்றனர். ஒடிசி நடனக் கலைஞர் அணியும் நகைகளும், கட்டக் துர்கா பூஜைப் பந்தல்களின் வெள்ளி அலங்காரங்களும் இவ்வாறே உருவாகின்றன. வேலை நுணுக நுணுகக் கம்பி மெலிகிறது; எடை குறைகிறது; உழைக்கும் நேரமோ கூடுகிறது. எடையை மட்டும் பார்த்து விலை பேசினால், திறன் மிகுந்தவருக்கே குறைந்த கூலி கிடைக்கும்.

'கட்டக் ரூபா தாரகாசி'க்கு 2024-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. எனினும் அக்குறியீடு பெயரைக் காக்குமேயன்றிக் கூலியை நிர்ணயிக்காது.

வீட்டிலிருந்தபடியே செம்பு, வெள்ளிக் கம்பிகளில் காதணியும் வளையலும் பின்னி விற்கும் பெண்களின் நிலையும் இதுவே. "ஓய்வு நேரத்தில் செய்வதுதானே" என்று வாங்குவோர் கூறுகின்றனர்; செய்பவரும் பல வேளைகளில் அவ்வாறே எண்ணிவிடுகிறார். கம்பி, கொக்கி, பெட்டி ஆகியவற்றின் செலவு விலையில் சேர்கிறது. கையின் உழைப்பு சேர்வதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு ஜோடிக் காதணி பின்ன நான்கு மணி நேரம் ஆகிறது. செலவு போக 100 ரூபாய் மிஞ்சுகிறது எனக் கொள்வோம். மணிக்கு 25 ரூபாய்தான் கூலி. மணிக்கு 75 ரூபாய் எனக் கணக்கிட்டு விலை வைத்திருந்தால் 300 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

கடன் பெறும்போது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் பொற்கொல்லர் தொழில் உள்ளிட்ட 18 கைத்தொழில்கள் இடம்பெற்றுள்ளன. பிணையின்றி 5 சதவீத வட்டியில், முதலில் 1 லட்சம் ரூபாயும், பின்னர் 2 லட்சம் ரூபாயும் வரை கடன் பெற வழியுண்டு. முதற்கடன் 1 லட்சத்தை 18 மாதங்களில் அடைக்க, அசல் மட்டுமே மாதந்தோறும் ஏறத்தாழ 5,556 ரூபாய் ஆகும். 100 ரூபாய் மிஞ்சினால் அதற்கு 56 ஜோடிகள் விற்க வேண்டும். 300 ரூபாய் மிஞ்சினால் 19 ஜோடிகள் போதும். உழைப்பை விலையில் சேர்க்காதவருக்குக் குறைந்த வட்டிக் கடனும் சுமையாகிவிடும்.

ஆகவே, நகை பின்னுவோர் ஒவ்வொரு நகைக்கும் செலவழித்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். விற்பனைத் தொகையை வீட்டுச் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் பெறுவது நலம். அக்கணக்கின் வரவுகளே நாளை வங்கியின் முன் அவருடைய வருமானத்துக்குச் சான்றாகும்.

வாங்குவோராகிய நமக்கும் கடமையுண்டு. பின்னிய நகையைக் கையில் எடுக்கும்போது, "எத்தனை கிராம்?" என்பதோடு "எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்றும் கேட்போம். விடையைக் கேட்டபின், பேரம் பேசுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வோம்.